யாருடைய வாக்குமூலம்? ஒரு புகலிட வழக்கும் ஒரு சட்ட மாணவியும்

அமெரிக்கச் சட்டப் புத்தகங்களில் அவர் பெயர் கசிங்கா. அவருடைய உண்மையான பெயர் ஃபௌசியா கசிந்ஜா. 1994 டிசம்பர் 17 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் நெவார்க் விமான நிலையத்தில் பிறருடைய கடவுச்சீட்டோடு வந்திறங்கிப் புகலிடம் கேட்ட 17 வயதுப் பெண்ணின் பெயரை, குடிவரவு அதிகாரிகள் தவறாக எழுதிக்கொண்டார்கள். அந்தப் பிழை கோப்பிலிருந்து கோப்புக்கு நகர்ந்து, கடைசியில் ஒரு முன்னோடித் தீர்ப்பின் பெயராகவே நிலைத்துவிட்டது. பெண்கள்மீதான வன்முறையைப் புகலிடத்துக்கான காரணமாக ஏற்ற 'கசிங்கா தீர்ப்பு' என்று இன்றும் வகுப்பறைகளில் அதைப் படிக்கிறார்கள்.

1998இல் வெளிவந்த நூலில் பெயர் சரியாக இருக்கிறது. 'டூ தே ஹியர் யூ வென் யூ க்ரை' என்பது அதன் தலைப்பு. நீ அழும்போது அவர்களுக்குக் கேட்கிறதா என்று பொருள். அட்டையில் இரண்டு பெயர்கள். ஒன்று ஃபௌசியாவுடையது. இன்னொன்று லைலி மில்லர் பஷீர் என்பவருடையது. வழக்கு தொடங்கியபோது அவர் வழக்குரைஞர்கூட இல்லை, சட்டக் கல்லூரி மாணவி.

இந்தத் தீர்ப்பையும் இந்த நூலையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது எனக்கு எழும் கேள்வி ஒன்றுதான். புகலிடம் கேட்கும் பெண் தன் கதையைச் சொல்கிறாள். அதை நீதிமன்றத்துக்குப் புரிகிற மொழியில் இன்னொரு பெண் எழுதித் தருகிறாள். அப்படி எழுதப்பட்டபின் அது யாருடைய கதை? எழுதும்போது எது சேர்கிறது, எது உதிர்கிறது? புகலிட வழக்குகளில் தன்னார்வ வழக்குரைஞர்களுக்குத் துணைநிற்கும் சட்ட மாணவிகளைப் பற்றிப் பெரும்பாலும் பாராட்டுரைகளே எழுதப்படுகின்றன. பாராட்டு நியாயமானதுதான். ஆனால் அவர்கள் செய்யும் வேலை அடிப்படையில் எழுத்து வேலை. எழுத்தை விமர்சனத்தோடுதான் படிக்க வேண்டும்.

அத்தையின் அதிகாரம்

ஃபௌசியா மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டைச் சேர்ந்தவர். வசதியான, இறைப்பற்றுள்ள இஸ்லாமியக் குடும்பம். அப்பா லாரித் தொழில் செய்தவர், பெண்பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். தங்கள் இனக்குழுவில் 'காகியா' என்று சொல்லப்பட்ட பிறப்புறுப்புச் சிதைப்பைத் தன் மகள்களுக்குச் செய்ய விடமாட்டேன் என்று நின்றவர். அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் பேச்சு வீட்டுப் படியேறவில்லை. ஃபௌசியா பக்கத்து நாடான கானாவில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார்.

1993இல் அப்பா இறந்தார். அப்பாவின் சகோதரி, நம் உறவுமுறையில் அத்தை, வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அம்மா அந்த வீட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. படிப்பு நின்றது. 17 வயதில், ஏற்கெனவே மூன்று மனைவியர் உள்ள 45 வயதுக்காரருக்கு ஃபௌசியாவை மணமுடிக்க ஏற்பாடு நடந்தது. தாம்பத்தியம் தொடங்குமுன் காகியா செய்தாக வேண்டும் என்று அத்தையும் மாப்பிள்ளையும் முடிவெடுத்தார்கள். அக்கா வழிசெய்ய, அம்மா கொடுத்த பணத்தோடு ஃபௌசியா கானாவுக்குத் தப்பி, அங்கிருந்து விமானமேறி ஜெர்மனிக்குப் போனார். அங்கே இரண்டு மாதம் இருந்துவிட்டு, உறவினர்கள் இருந்த அமெரிக்காவுக்கு வந்தார்.

இதைப் படிக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு விளக்கவுரை அதிகம் தேவைப்படாது. கணவன் இறந்ததும் அந்த வீட்டில் அவளுக்கு என்ன பாத்தியதை என்று கேட்கப்படுவதை நாம் அறிவோம். தம்பி பிள்ளைகள்மேல் அத்தைக்குள்ள உரிமையையும் அறிவோம். 'உன் நல்லதுக்குத்தான் சொல்கிறோம்' என்ற வாக்கியத்தின் கனத்தையும் அறிவோம். காகியா நமக்குத் தொலைவான சடங்காக இருக்கலாம். அதைச் சூழ்ந்திருக்கும் வீட்டு அரசியல் தொலைவானது இல்லை.

கவனிக்க வேண்டியது, இந்தக் கதையில் எதிர்த்தவர்கள் பலர் என்பது. அப்பா எதிர்த்தார். கையிலிருந்ததை எடுத்துக் கொடுத்து அம்மா எதிர்த்தார். வாய்திறக்காமல் காரியம் பார்த்து அக்கா எதிர்த்தார். ஃபௌசியா அமெரிக்க மண்ணில் கால்வைப்பதற்கு முன்பே, டோகோவுக்குள் ஒரு எதிர்ப்பு நடந்து முடிந்திருந்தது. பின்னால் இந்தக் கதை எப்படியெல்லாம் சொல்லப்பட்டது என்பதை எடைபோட இது நமக்கு வேண்டியிருக்கும்.

மாணவி வந்த நேரம்

புகலிடம் கேட்டவருக்குக் கிடைத்தது சிறை. விமான நிலையத்திலேயே உடைகளைக் களையச் சொல்லிச் சோதித்தார்கள். பிறகு நியூ ஜெர்சியில் தனியார் நிறுவனம் நடத்திய தடுப்பு மையம். விடியற்காலைத் தொழுகைக்காக அனுமதி நேரத்துக்கு முன் கைகால் கழுவியதற்காக அங்கே தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1995 ஜூனில் அந்த மையத்தில் கலவரம் வெடித்தபின் பென்சில்வேனியாவின் மாவட்டச் சிறைகளுக்கு மாற்றப்பட்டார். அங்கே குற்றவாளிகளோடு சேர்த்து வைக்கப்பட்டார். மொத்தம் 16 மாதங்கள்.

அமெரிக்கக் குடிவரவு நீதிமன்றத்தில் வழக்குரைஞர் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, ஆனால் அரசின் செலவில் இல்லை. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அரசு வழக்குரைஞர் தரும். நாடுகடத்தப்பட்டால் உயிர்போகும் என்று அழும் பெண்ணுக்குத் தராது. காசில்லாதவர்கள் தனியாக நிற்க வேண்டும், அல்லது யாராவது இரக்கப்பட்டு முன்வர வேண்டும். தன்னார்வ வழக்குரைஞர்களும் சட்டக் கல்லூரிகளின் சட்ட உதவி மையங்களும் அங்கே பிழைத்திருப்பது இந்த இடைவெளியில்தான். தகுந்த மேற்பார்வையின் கீழ், ஊதியமின்றி, மாணவர்கள் குடிவரவு நீதிமன்றத்தில் முன்னிலையாகவும் அந்நாட்டு விதிகள் இடம் தருகின்றன.

ஃபௌசியாவின் உறவினர் ஒருவர் வாஷிங்டன் பகுதியில் ஒரு வழக்குரைஞரைப் பிடித்தார். அந்த அலுவலகத்தில் வேலைபார்த்துக்கொண்டிருந்த மாணவிதான் லைலி. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் வாஷிங்டன் சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். பிறப்புறுப்புச் சிதைப்பைப் பற்றி அவர் ஏற்கெனவே வகுப்புக்காக ஒரு கட்டுரை எழுதியிருந்ததால் வழக்கு அவர் கைக்கு வந்தது. 1995 ஆகஸ்ட் 25 அன்று பிலடெல்ஃபியாவில் குடிவரவு நீதிபதி முன் வழக்கை எடுத்துவைத்ததும் அவரே.

தோற்றுப்போனார். நீதிபதி ஃபௌசியாவை நம்பவில்லை. கதையில் பகுத்தறிவுக்கு ஒத்துவராத இடங்கள் இருக்கின்றன என்றார். அம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்று மகளுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும் என்பது அவருடைய ஐயங்களில் ஒன்று. வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட தாயும் நாட்டைவிட்டு ஓடிய மகளும் ஒருவர் இருப்பிடம் ஒருவர் அறியாமல் இருப்பது நமக்கு வேதனையாகத் தெரியும், வியப்பாகத் தெரியாது. நீதிபதிக்கு அது பொய்யாகத் தெரிந்தது. அதே ஆண்டு மே மாதம்தான் அமெரிக்கக் குடிவரவுத் துறை, பெண்களின் புகலிடக் கோரிக்கைகளை எப்படிக் கேட்க வேண்டும் என்று தன் புகலிட அதிகாரிகளுக்கு வழிகாட்டுதல் தந்திருந்தது. அதிகாரிகளுக்கான அந்த ஏடு நீதிபதியைக் கட்டுப்படுத்தவில்லை.

நூலில் என்னை நிறுத்திய இடம் இந்தத் தோல்விதான். மாணவிகளைப் பற்றிய உற்சாகக் கதைகள் இதைத் தாண்டி வேகமாக வெற்றிக்குப் போய்விடுகின்றன. ஒரு மாணவி பழகிக்கொள்ளும் களம் இன்னொரு பெண்ணின் உயிர் என்பதை இந்த இடத்தில் மறைக்க முடியாது. தோற்றபின் அந்த மாணவி செய்தது, தன் கல்லூரியில் மனித உரிமைச் சட்ட உதவி மையத்தை நடத்திய கேரன் முசாலோவிடம் வழக்கைக் கொண்டுபோனது. தனக்குத் தெரிந்தது போதவில்லை என்று ஒப்புக்கொண்டு அனுபவமுள்ளவரிடம் ஒப்படைப்பது, இந்த வேலையில் மாணவிக்கு வேண்டிய முதன்மையான அறங்களில் ஒன்று. வழக்கை விட்டாலும் அவர் பெண்ணை விடவில்லை.

ஒரு வாக்குமூலம் எப்படி எழுதப்படுகிறது

மாணவிகள் உண்மையில் செய்யும் வேலை என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வாதாடுவது ஒரு நாள். அதற்குமுன் பல வாரங்கள் கேட்பதும் எழுதுவதும்தான்.

புகலிட வழக்கின் உயிர் மனுதாரரின் எழுத்து வாக்குமூலம். நம் ஊரில் பிரமாணப் பத்திரம் என்போமே, அது. மாணவி பலமுறை சந்திக்கிறார், பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு. அந்தப் பெண் சொல்வது காலவரிசையில் வராது. வலித்த இடத்தில் தொடங்கும், வெட்கம் வந்த இடத்தில் நிற்கும், மூன்றாம் சந்திப்பில் முதல் சந்திப்பில் சொன்னதற்கு முந்தையது வெளிவரும். நீதிமன்றத்துக்கோ தேதி வேண்டும். நோன்புக்கு முன்பா பின்பா, அறுவடை முடிந்ததா, தம்பி பிறந்துவிட்டானா என்று கேட்டுக்கேட்டு மாணவி அதைக் கட்டுகிறார். விமான நிலையத்தில் களைப்போடும் பயத்தோடும் அதிகாரியிடம் சொன்ன நாலு வரியும் இப்போது சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று விளக்க வேண்டும். பிறகு அந்நாட்டு நிலவர அறிக்கைகள், மானுடவியலாளரின் கருத்து, மருத்துவச் சான்று எல்லாம் சேர்த்து ஒரு கட்டு. கடைசியில் முழு வாக்குமூலத்தையும் அவர் மொழியில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

வாக்குமூலம் 'நான்' என்றுதான் பேசும். அந்த 'நான்' இருவர் சேர்ந்து கட்டியது. இதில் பொய் எதுவும் இல்லை. தன் வாழ்க்கையை 1 முதல் 40 வரை பத்தி எண் போட்டு யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஆனால் எந்தச் சம்பவத்துக்குப் பத்தி எண் கிடைக்கிறது, எது விடப்படுகிறது என்பதைத் தீர்மானிப்பது சட்டம் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்வியைத் தெரிந்துவைத்திருப்பவர் மாணவி. அதிகாரம் அவர் கையில் இருக்கிறது. எவ்வளவு அன்பானவர் என்பதால் அது குறைந்துவிடாது. ஒரு தலைப்பைப் பற்றி முன்பே படித்து வந்திருப்பது பெரிய பலம். அந்தத் தலைப்புக்குள் அடங்காததைச் சொல்லும்போது காது மந்தமாகிவிடும் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது.

தீர்ப்பு கேட்டதும் கேட்காததும்

சட்டம் கேட்கும் கேள்வி எங்கிருந்து வருகிறது? 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலிருந்து. இனம், மதம், தேசிய அடையாளம், குறிப்பிட்ட சமூகக் குழுவில் உறுப்பாக இருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படும் அச்சம் இருந்தால் அகதி. பால் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. பெண் என்பதற்காக மட்டுமே துன்புறுத்தப்படும் பெண், 'சமூகக் குழு' என்ற குறுகிய வாசல் வழியாகக் குனிந்து நுழைய வேண்டியிருக்கிறது.

1996 ஜூன் 13 அன்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் ஃபௌசியாவுக்குப் புகலிடம் வழங்கியது. வாரியம் வரையறுத்த குழு இதுதான்: அந்த இனக்குழுவைச் சேர்ந்த, அந்தச் சிதைப்புக்கு இன்னும் உட்படாத, அதை எதிர்க்கும் இளம்பெண்கள். வழக்கு வென்றது. ஆனால் அந்த வரையறையை மறுபடி படித்துப் பாருங்கள். ஒரு பெண்ணை அவளுடைய உடலின் ஓர் உறுப்பு முழுமையாக இருக்கிறதா என்பதைக் கொண்டு குழுவாக்குகிறது சட்டம். 'எதிர்க்கும்' என்ற ஒரு சொல்லில்தான் அவருடைய அறிவும் மனமும் இடம்பெறுகின்றன.

உதிர்ந்துபோனது என்ன? திருமணம். ஃபௌசியா கத்திக்கு மட்டும் பயந்து ஓடவில்லை. தன் வயதில் இரண்டரை மடங்குக்கும் மேலான ஒருவருக்கு நான்காம் மனைவியாகப் போக மறுத்தும், படிப்பை விட மறுத்தும் ஓடினார். நூலில் இவை பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கின்றன. தீர்ப்பில் கட்டாயத் திருமணம் பின்னணித் தகவலாக ஒதுங்கிவிடுகிறது. தீர்ப்பு நிற்பது சிதைப்பின்மேல். அந்தக் கால அமெரிக்கச் செவிக்கு ஒன்று கொடுமையாகவும் மற்றொன்று குடும்ப விவகாரமாகவும் கேட்டது. எது தங்களுக்கு அதிர்ச்சி தருகிறதோ அதைத்தான் கேட்கிறார்கள் என்றால், அழுகையில் பாதி காற்றோடு போகிறது.

எனினும் இந்தத் தீர்ப்பில் நாம் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. துன்புறுத்துபவருக்குத் தண்டிக்கும் எண்ணமோ கெட்ட நோக்கமோ இருந்தாக வேண்டியதில்லை என்று வாரியம் சொன்னது. செய்பவர்கள் நன்மை என்று நம்பிச் செய்தாலும், செய்யப்படுபவருக்கு அது கேடு என்றால் அது துன்புறுத்தலே. பெண்களுக்கு நடக்கும் வன்முறையில் பெரும்பகுதி அன்பின் பெயரால், மானத்தின் பெயரால், மரபின் பெயரால் நடப்பது. அத்தை தன்னைக் கொடுமைக்காரியாக நினைத்திருக்க மாட்டார். 'நல்லதுக்குத்தான்' என்ற வாக்கியத்தைச் சட்டம் ஒரு தற்காப்பாக ஏற்க மறுத்த இடம் இது. வகுப்பறையில் இந்தத் தீர்ப்பை வாசிக்கும் மாணவிகள் இந்தப் பகுதியை அடிக்கோடிட வேண்டும்.

மீட்பர் கதையின் வசதி

வழக்கு வெல்வதற்கு முன் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1996 ஏப்ரல் 15 அன்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செலியா டக்கர் ஃபௌசியாவின் சிறைவாழ்வை எழுதினார். ஏப்ரல் 24 அன்று ஃபௌசியா விடுவிக்கப்பட்டார். 16 மாதங்கள் அசையாத கதவு ஒன்பது நாளில் திறந்தது. மாணவியும் பேராசிரியரும் பெண்ணுரிமை அமைப்புகளும் சேர்ந்து தட்டியதால் பத்திரிகை வந்தது. பத்திரிகை வந்ததால் கதவு திறந்தது.

பத்திரிகைக்கு ஏறும் கதைக்கு என்று ஒரு வார்ப்பு இருக்கிறது. கென்யாவைச் சேர்ந்த சட்ட அறிஞர் மகாவ் முட்டுவா, மனித உரிமைப் பேச்சு காட்டுமிராண்டி, பலியானவர், மீட்பர் என்ற மூன்று பாத்திரங்களை வைத்து நடக்கிறது என்று 2001இல் விரிவாக எழுதினார். இந்த வழக்கை அந்த வார்ப்பில் ஊற்றினால் என்ன வரும்? ஆப்பிரிக்கா காட்டுமிராண்டி, ஃபௌசியா பலியானவர், அமெரிக்கா மீட்பர். டோகோவின் வடபகுதியில் ஆய்வுசெய்த மானுடவியலாளர் சார்லஸ் பியோட்டும் இந்த வழக்கில் ஆப்பிரிக்கா சித்திரிக்கப்பட்ட விதத்தைப் பின்னாளில் விமர்சித்து எழுதியிருக்கிறார்.

அந்த வார்ப்பில் அடங்காதவை இரண்டு. அப்பா, அம்மா, அக்கா ஆகியோரின் எதிர்ப்பு முதலாவது. டோகோவும் 1998இல் இந்தச் சிதைப்பைச் சட்டப்படி தடைசெய்தது. இரண்டாவது, அமெரிக்காவின் சிறை. ஃபௌசியாவின் உடைகளைக் களைந்தவர்கள், விலங்கிட்டவர்கள், தொழுகைக்குக் கழுவியதற்குத் தண்டித்தவர்கள் டோகோக்காரர்கள் இல்லை. நூலின் பெரும்பகுதி அந்தச் சிறைகளில்தான் நடக்கிறது. நூலின் தலைப்பிலுள்ள 'அவர்கள்' யார் என்ற கேள்விக்கு அத்தை வீட்டார் என்று மட்டும் பதில் சொல்லிவிட முடியாது என்பதை நூலே காட்டிவிடுகிறது. அந்த வகையில் தீர்ப்பைவிட நூல் நேர்மையானது. தீர்ப்பு டோகோவை மட்டும் விசாரித்தது. நூல் இரு நாடுகளையும் விசாரிக்கிறது.

அப்படியானால் அட்டையிலுள்ள இரண்டாவது பெயரை என்ன செய்வது? மீட்பரின் கையெழுத்து என்று ஒதுக்கிவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயரில்லாமல் பின்னால் நின்று இன்னொருத்தியின் 'நான்' என்பதை எழுதுவதைவிட, நானும் இதை எழுதினேன் என்று அட்டையில் ஒப்புக்கொள்வது மேல். யார் கேட்டார்கள், யார் எழுதினார்கள் என்று வாசகிக்குத் தெரிகிறது. அவள் அதற்கேற்பப் படிக்கலாம். வாக்குமூலங்களில் இந்த வெளிப்படை கிடையாது. நூலில் தனக்கு வந்த பங்கைக் கொண்டு லைலி 1997இல் தாஹிரி நீதி மையத்தைத் தொடங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வன்முறையிலிருந்து தப்பிவரும் குடியேறிப் பெண்களுக்கு அந்த அமைப்பு சட்ட உதவி செய்கிறது. ஒரு பெண்ணின் கதையால் வந்த பணம் அடுத்த பெண்களின் வழக்குகளுக்குப் போயிற்று.

1996க்குப் பின்

தீர்ப்பு வந்த அதே 1996ஆம் ஆண்டு, செப்டம்பர் இறுதியில், அமெரிக்க நாடாளுமன்றம் குடிவரவுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. பொய்க் கடவுச்சீட்டோடு வருபவரை நீதிபதிமுன் நிறுத்தாமலேயே திருப்பியனுப்பும் விரைவு நாடுகடத்தல் அதில்தான் வந்தது. அச்சம் இருப்பதாகச் சொன்னால் ஓர் அதிகாரி முதற்கட்ட நேர்காணல் செய்வார். அதில் தேறினால்தான் நீதிமன்றம். வந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும் என்ற கெடுவும் அதில்தான். பிறப்புறுப்புச் சிதைப்பைக் குற்றமாக்கும் சட்டத்தையும் அதே நேரத்தில் இயற்றினார்கள். சிதைப்பைக் கண்டித்த கையே, அதிலிருந்து தப்பிவருபவளின் பாதையைக் குறுக்கியது. சில ஆண்டுகள் தாமதமாக வந்திருந்தால் ஃபௌசியா அந்த நேர்காணல் அறையில் தனியாக அமர்ந்திருப்பார்.

அந்த அறையில் என்ன நடக்கும் என்பதற்கு நமக்கு நெருக்கமான சான்று ஒன்று உண்டு. 2017இல் மெக்சிகோ எல்லையைத் தாண்டிய இலங்கைத் தமிழர் ஒருவர், சிலர் தன்னைக் கடத்திக்கொண்டுபோய் அடித்தார்கள் என்று சொன்னார். அவர்கள் யார், எதற்காக அடித்தார்கள் என்று தெரியாது என்றார். அதிகாரி அவரை நம்பினார். ஆனால் ஐந்து காரணங்களில் எதையும் அவர் நிறுவவில்லை என்று மறுத்துவிட்டார். போருக்குப் பிந்தைய இலங்கையில் முகந்தெரியாதவர்கள் வாகனத்தில் ஏற்றிக்கொண்டுபோய் அடிப்பதற்கு என்ன பொருள் என்று நம்மில் யாரிடம் கேட்டாலும் சொல்லியிருப்போம். 'தெரியாது' என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டு எடுக்கத் தெரிந்தவர் அங்கே இல்லை. 2020இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்த முடிவை எதிர்த்து நீதிமன்றத்துக்கு வரும் உரிமையும் அவருக்கு இல்லை என்று 7க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் ஆங்கிலப் பெயர், தமிழ்க் காதுக்குத் துரைசிங்கம் என்ற பெயரின் சிதைந்த வடிவமாகவே ஒலிக்கிறது.

2014இல் மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்து குழந்தைகளோடு வந்த தாய்மார்களை அடைக்க நியூ மெக்சிகோவின் ஆர்டிசியாவிலும், பிறகு டெக்சாஸின் டில்லியிலும் முகாம்கள் திறந்தார்கள். பெரிய நகரங்களிலிருந்து தொலைவான ஊர்கள். தன்னார்வ வழக்குரைஞர்களும் சட்ட மாணவர்களும் வாரக்கணக்கில் போய்த் தங்கி, அந்தத் தாய்மார்களை நேர்காணலுக்குத் தயார் செய்தார்கள். வாரக்கணக்கான சந்திப்புகள் அங்கே இல்லை; கிடைப்பது சில மணி நேரம். பக்கத்தில் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது தனக்கு நடந்த பாலியல் வன்முறையை ஒரு தாய் எப்படிச் சொல்வாள்? பிள்ளையின் கையில் வண்ணப் பென்சிலைக் கொடுத்து அறையின் இன்னொரு மூலைக்குக் கூட்டிப்போவதும் அங்கே சட்ட உதவிதான்.

சட்டமும் நிலையாக நிற்கவில்லை. கணவனின் பத்தாண்டு வன்முறையிலிருந்து 1995இல் தப்பிவந்த குவாத்தமாலாவின் ரோடி அல்வராடோவுக்கு 1996இல் கிடைத்த புகலிடம் 1999இல் பறிக்கப்பட்டு 2009இல்தான் மீண்டும் கிடைத்தது. அந்த வழக்கையும் நடத்தியவர் முசாலோ. குடும்ப வன்முறையைக் காரணமாகக் காட்டும் வழியை 2018இல் தலைமைச் சட்ட அதிகாரி ஒருவர் அடைத்தார். 2021இல் அடுத்தவர் திறந்தார். 2025இல் மீண்டும் அடைத்தார்கள். பால் என்ற ஒரு சொல் 1951இல் விடுபட்டதற்கு இன்றுவரை ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாக விலை கொடுக்கிறாள். மாணவிகள் தோள்கொடுக்கிறார்கள் என்பதற்காக அந்தச் சொல் அங்கே இல்லாததை மறந்துவிடக் கூடாது.

நம் மேசைக்கு வரும் மனுக்கள்

இந்தியா அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. இங்கே புகலிடச் சட்டமே இல்லை. நம் மாணவிகள் நீதிமன்றத்தில் வாதாடவும் முடியாது. ஆனால் சட்ட உதவி மையங்களில் பெண்களின் மனுக்களை எழுதுகிறார்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் போடப்படும் மனுக்கள் சிலவற்றை வரிசையாகப் படித்தால் ஒரே பெண் எல்லாவற்றையும் எழுதியதுபோல இருக்கும். 'சொல்லொணாத் துன்பத்துக்கு ஆளாக்கினார்' என்ற வாக்கியம் எல்லாவற்றிலும் வரும். எந்தப் பெண்ணும் அப்படிப் பேசியிருக்க மாட்டாள். அவள் சொன்னது வேறு ஏதோ. சோற்றுத் தட்டைப் பற்றியோ, பூட்டிய பீரோவைப் பற்றியோ, மகள் பள்ளிக்கூடத்தைப் பற்றியோ சொல்லியிருப்பாள். வழக்கமான வாக்கியம் அதை விழுங்கிவிட்டது.

அத்தகைய வாக்கியத்தை எழுதுமுன் மாணவி ஒரு நிமிடம் நிற்கலாம். இது அவள் சொன்னதா, சட்டம் கேட்க விரும்புவதா? இரண்டும் சேர்ந்தால் நல்லது. சேராவிட்டால், அவள் சொன்னதற்கு மனுவில் ஒரு பத்தியாவது இருக்க வேண்டும். எழுதியதை அவளிடம் முழுதாகப் படித்துக் காட்ட வேண்டும். 'இது நான் சொன்ன மாதிரி இல்லையே' என்று சொல்லும் துணிவு அவளுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஃபௌசியாவின் அம்மா இருக்குமிடம் தெரியவில்லை என்பது 1995இல் ஒரு நீதிபதிக்குப் பொய்யாகப் பட்டது. 1996இல் வாரியத்துக்கு அது பொய்யாகப் படவில்லை. இடையில் ஃபௌசியாவின் வாழ்க்கை மாறவில்லை. அதை எடுத்துச் சொன்னவர்கள் மாறினார்கள், கேட்டவர்கள் மாறினார்கள். அப்போதும் கோப்பில் பெயர் கசிங்கா என்றே இருந்தது. உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அன்று விமான நிலையத்தில் யாரும் அவரைக் கேட்கவில்லை. புதிதாக ஒரு பெண் வந்து எதிரே அமரும்போது, அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.